குளிப்பாட்டிய மறுநாளே நாய் நாறுகிறதா? வாடையின் இடத்தைக் கண்டுபிடித்துத் தீர்க்கும் முழு வழிகாட்டி

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: “அக்கா, நேத்துதான் குளிப்பாட்டினேன், இன்னைக்கே நாறுது.” அடுத்து என்ன செய்தார்கள் என்று கேட்டால், மறுபடி குளிப்பாட்டியிருப்பார்கள். வேறு ஷாம்பு, இன்னும் வாசனையான சோப்பு, கடைசியில் பவுடர்.

வாடை நாயின் உடம்பு முழுவதிலிருந்தும் வருவதில்லை. காது, வாய், விரலிடுக்கு, ஆசனவாய், தோல் மடிப்பு என்று ஏதோ ஓர் இடத்திலிருந்து வருகிறது. சில சமயம் நாயிடமிருந்தே வராது, அதன் படுக்கையிலிருந்தோ கழுத்துப்பட்டையிலிருந்தோ வரும். இடம் தெரியாமல் ஊற்றுகிற தண்ணீர் வீண். நம் ஊர்க் கடல் காற்றின் ஈரத்தில் அது பல நேரம் வாடையைக் கூட்டவும் செய்கிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். குளியல் ஏழாவதாகத்தான் வருகிறது.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

வெள்ளைப் பருத்தித் துணியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். பழைய வேட்டி போதும். வெள்ளையாக இருந்தால்தான் ஒட்டி வரும் அழுக்கின் நிறம் தெரியும். கையுறை, பஞ்சு, டார்ச், ஒரு நோட்டு, பேனா. நாய்களுக்கான காது சுத்தம் செய்யும் திரவம் ஒரு பாட்டில். தடிமனான துண்டு மூன்று நான்கு, ஒரு டேபிள் ஃபேன், நாயின் முடிக்கு ஏற்ற சீப்பு.

மருந்து ஷாம்புவை இப்போதே வாங்க வேண்டாம். எது வேண்டும் என்பது மூன்றாவது படிக்குப் பிறகுதான் தெரியும்.

வீட்டில் இருந்தாலும் கையில் எடுக்கக்கூடாதவை: டெட்டால், ஃபினாயில், மண்ணெண்ணெய், டர்பன்டைன், கற்பூரம், டீ ட்ரீ ஆயில். இவை நாயின் தோலை எரிக்கும். நாய் தன் உடம்பை நக்கும் என்பதால் வயிற்றுக்குள்ளும் போகும்.

1. மூன்று நாள் குளிப்பாட்டாமல் இருங்கள்

சோப்பு வாசனை இருக்கும்வரை வாடையின் இடம் பிடிபடாது. ஈர நாய் எப்படியும் நாறும். தோலிலும் முடியிலும் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருட்கள் தண்ணீர் ஆவியாகும்போது சேர்ந்து காற்றில் கிளம்புவதே அதற்குக் காரணம். அந்த வாடையை நோய் என்று நினைத்துப் பயப்படுகிறவர்களும் உண்டு, நோயின் வாடையை “ஈர நாய் அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. உலர்ந்த நாயை மோந்தால் இந்தக் குழப்பம் வராது.

மூன்று நாளும் பவுடர், ஸ்ப்ரே, வேப்பெண்ணெய் எதுவும் வேண்டாம். மீன் கழிவில் புரண்டு வந்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடையுங்கள். புண்ணோ சீழோ கண்ணில் பட்டால் மூன்று நாள் காத்திருக்காமல் நேரே மூன்றாவது படிக்குப் போங்கள்.

2. ஒவ்வொரு இடமாக மோந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய படி இதுதான்.

முதலில் உங்கள் மூக்கை நம்பாதீர்கள். நாயோடே இருக்கிறவர்களுக்கு அந்த வாடை பழகிப்போயிருக்கும். நாய் இல்லாத வீட்டிலிருந்து யாரையாவது கூப்பிடுங்கள், அல்லது வெளியே அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்து செய்யுங்கள். கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குப் புகையோ மணலிப் பக்கத்து கேஸ் வாடையோ காற்றில் இருக்கிற நேரத்தில் இந்தச் சோதனை பலிக்காது. காற்று மாறட்டும்.

நாயைக் கட்டிப்போடாமல் உட்கார வைத்து, ஓர் இடத்துக்கு ஒரு துணித்துண்டு என்று மெதுவாகத் தேய்த்து எடுங்கள். துணியை நாயிடமிருந்து தள்ளிக் கொண்டுபோய் மோந்து பாருங்கள். நாயின் மேலேயே மூக்கை வைத்தால் பக்கத்து இடத்து வாடையும் கலந்துவிடும்.

வரிசை இப்படி இருக்கட்டும்: கழுத்துப்பட்டை, படுக்கை, முதுகு, வயிறு, அக்குள், நான்கு பாதங்களின் விரலிடுக்கு, கழுத்து மடிப்பு, முக மடிப்பு, இரண்டு காதுகள், வாய், கடைசியாக வால் அடி. வாயையோ வால் பக்கத்தையோ முதலில் மோந்துவிட்டால் அதற்கப்புறம் மென்மையான வாடை எதுவும் மூக்குக்கு எட்டாது. பக்ஸ் நாய்க்கு மூக்குக்கு மேலே உள்ள மடிப்பை விரித்துத் துடைக்க வேண்டும். ஸ்பிட்ஸுக்கு நெஞ்சு முடியை அடிவரை பிரித்துப் பாருங்கள். மேலே பட்டுப்போல இருக்கும், தோலை ஒட்டி ஈர முடிச்சு கிடக்கும்.

எந்த வாடை எதைச் சொல்கிறது?

புளித்த மாவு அல்லது சிக்குப் பிடித்த எண்ணெய் வாடை அக்குள், விரலிடுக்கு, கழுத்து மடிப்பிலிருந்து வந்து, துணியில் பழுப்பாகப் பிசுபிசுப்பும் ஒட்டினால் ஈஸ்ட் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். மலாசீசியா என்ற இந்தப் பூஞ்சை எல்லா நாயின் தோலிலும் கொஞ்சம் இருக்கும். ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் கிடைத்தால் பெருகும். அந்த இடத்துத் தோல் நாளடைவில் கறுத்து, தடித்து, யானைத்தோல் மாதிரி ஆகும்.

மீன் கவுச்சி வால் அடியிலிருந்து வந்தால் ஆசனவாய்ச் சுரப்பி. அதே கவுச்சி கழுத்திலும் தோளிலும் மட்டும் இருந்தால், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்து நாய்களுக்கு அதன் பொருள் வேறு. எங்கோ மீன் கழிவில் புரண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அழுகல் நாற்றம் என்றால் புண், சீழ் பிடித்த காது, அல்லது பல். வாயில் மூத்திர வாடை அடித்தால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். வாயில் பழுத்த பழம் அல்லது நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பாக வாடை வந்தால் சர்க்கரை நோய் முற்றியிருக்கலாம். வயிற்றடியிலும் பின்னங்கால் உள்பக்கமும் மூத்திர வாடை நின்றால், தூங்கும்போது தன்னையறியாமல் மூத்திரம் சொட்டுகிறதாக இருக்கலாம்.

ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். இடம், வாடை, துணியின் நிறம். இரண்டு மூன்று இடங்கள் சேர்ந்தும் வரலாம்.

3. டாக்டரிடம் உடனே போக வேண்டியதா என்று பிரியுங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

பெண் நாய்க்குக் கருத்தடை செய்யவில்லை, சூட்டுக்கு வந்து சில வாரம் ஆகிறது, இப்போது பின்னாலிருந்து நாற்றமான கசிவு, தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறது, சோர்ந்து கிடக்கிறது என்றால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து, அன்றைக்கே போக வேண்டும். சில சமயம் கசிவே இல்லாமலும் இது வரும்.

தெருவில் சுற்றி வரும் நாயின் பிறப்புறுப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தால், இனச்சேர்க்கையில் பரவும் கட்டி ஒன்று உண்டு. ஊசி மருந்துக்கு நன்றாகக் கேட்கும், பயப்படாமல் கூட்டிப்போங்கள்.

ஒரே இடத்தில் ஈ மொய்க்கிறது, நாய் அதையே நக்குகிறது, அழுகல் வாடை: புழு வைத்த புண். முடி நிறைந்த நாயில் மேலே ஒரு சின்ன ஓட்டை மட்டும்தான் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும். மேலே டர்பன்டைனோ பெட்ரோலோ ஊற்றும் பழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து ஊற்றாதீர்கள். நாய் துடிக்கும், நல்ல சதையும் வெந்துபோகும்.

குட்டிக்கு நாற்றமெடுத்த ரத்தப் பேதியும் வாந்தியும் இருந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருப்பது, தள்ளாடுவது, காதைத் தொட்டால் கத்துவது, வாயிலோ மூக்கிலோ ரத்தம் எல்லாமே இந்தப் பட்டியலில் சேரும்.

வடசென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். காலையிலேயே போய்விடுங்கள், பழைய சீட்டு இருந்தால் எடுத்துப்போங்கள். போகிற நாளில் குளிப்பாட்டாதீர்கள், காதையும் துடைக்காதீர்கள். தோலிலிருந்தும் காதிலிருந்தும் அழுக்கைக் கண்ணாடித் தகட்டில் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் ஈஸ்ட்டா, பாக்டீரியாவா, கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியா என்று தெரியும். நீங்கள் துடைத்துவிட்டுப் போனால் அவர்களுக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.

இன்னொரு விஷயம். மருந்துக் கடையில் படர்தாமரைக்கு என்று வாங்கும் டியூப் மருந்துகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. தடவினால் சிவப்பும் அரிப்பும் குறையும், கிருமி உள்ளே வளரும், நாய் அதை நக்கி விழுங்கும். வீட்டில் மனிதர்களுக்கு வாங்கியது இருக்கிறதே என்று எடுத்துத் தடவாதீர்கள்.

4. காது

லாப்ரடார், ஷிட்சூ, காக்கர் மாதிரி காது தொங்கும் நாய்களில் வாடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். நாயின் காதுக்குழாய் நேராக உள்ளே போவதில்லை. முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்புகிறது. அதனால் உள்ளே போன ஈரம் தானாக வெளியே வராது. பஞ்சுக்குச்சியை விட்டால் அழுக்கு வளைவுக்குள் இன்னும் இறங்கிவிடும். குச்சி வேண்டவே வேண்டாம்.

டார்ச் அடித்துப் பாருங்கள். லேசான ரோஜா நிறமும் கொஞ்சம் மஞ்சள் குரும்பியும் இயல்பு. காப்பித்தூள் மாதிரி அழுக்கு, சீழ், சிவப்பு, வீக்கம் இருந்தால் டாக்டர்தான். செவிப்பறை கிழிந்திருக்கும்போது தவறான சொட்டு மருந்து உள்ளே போனால் கேட்கும் திறனே போகலாம்.

பிரச்சினை இல்லாத காதுக்கு: காது மடலை மேலே தூக்கிப் பிடித்து, திரவத்தைக் குழாய் நிறைய ஊற்றி, காதின் அடிப்பகுதியை வெளியிலிருந்து அரை நிமிடம் பிசையுங்கள். சளக் சளக் என்று சத்தம் வரும். கையை விட்டால் நாய் தலையை உதறும். அது உதறட்டும். அடியில் கிடந்த அழுக்கு மேலே வருவது அந்த உதறலில்தான். பிறகு விரல் போகிற தூரம் மட்டும் பஞ்சால் துடையுங்கள். பாட்டில் முனை காதில் படக்கூடாது, பட்டால் கிருமி பாட்டிலுக்குள் போய் அடுத்த காதுக்கும் வரும்.

வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். தேங்காயெண்ணெய், பூண்டு எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் எதுவும் காதுக்குள் போகக்கூடாது.

5. வாய்

உதட்டின் ஓரத்தைத் தூக்கிப் பின் பற்களைப் பாருங்கள். முன்பல்லைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் பலர். காவி நிறக் கட்டி பின்பக்கக் கடைவாயில்தான் முதலில் சேரும். கட்டியாகிவிட்ட காரையைத் தேய்த்து எடுக்க முடியாது, மயக்க மருந்து கொடுத்து டாக்டர்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு மறுபடி சேராமல் பார்ப்பது உங்கள் வேலை.

விரலில் ஈரத்துணியைச் சுற்றி, பற்களின் வெளிப்பக்கத்தை மட்டும் தேய்த்துப் பழக்குங்கள். முதல் வாரம் உதட்டைத் தொட்டால் போதும். அப்புறம் நாய்களுக்கான பேஸ்ட்டும் மெல்லிய பிரஷ்ஷும். நம் டூத்பேஸ்ட் கூடாது. அதில் ஃப்ளூரைடு உண்டு, சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பும் இருக்கும், அது நாய்க்கு விஷம். நாய்க்குத் துப்பத் தெரியாது. “எலும்பு கடிச்சா பல்லு சுத்தமாயிடும்” என்று வேகவைத்த எலும்பைப் போடுவதும் வேண்டாம். அது கூராக உடைந்து குடலைக் கிழிக்கும்.

நான்கிலிருந்து ஆறு மாதக் குட்டிக்குப் பால் பல் விழும் நேரத்தில் வாயில் லேசாக வாடை வரும், தானாகப் போய்விடும்.

6. வால் அடி

ஆசனவாயின் இரு பக்கமும், கடிகாரத்தில் நான்கும் எட்டும் இருக்கிற இடங்களில், இரண்டு சிறிய பைகள் உண்டு. மலம் கெட்டியாகப் போனால் அந்த அழுத்தத்தில் அவை காலியாகும். மலம் எப்போதும் இளகிப் போகிற நாய்க்கு அவை நிறைந்து தேங்கும். நாய் தரையில் பின்பக்கத்தைத் தேய்த்து நகரும், வாலடியைக் கடிக்கும். வயிற்றில் பூச்சி இருந்தாலும் தேய்க்கும் என்பதால் பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் பாருங்கள்.

வீடியோ பார்த்து நீங்களே பிதுக்காதீர்கள். அடைத்த பையை வெளியிலிருந்து அழுத்தினால் உள்ளேயே உடையலாம். ஒரு முறை டாக்டர் செய்து காட்டிச் சொல்லிக்கொடுத்தால் பிறகு பார்க்கலாம். பக்கத்தில் சிவந்து வீங்கியிருந்தாலோ ரத்தம் தெரிந்தாலோ சீழ்க்கட்டி.

முடி நீளமான நாய்க்கு வாலடி முடியையும் பின்தொடை முடியையும் குட்டையாகக் கத்தரித்தாலே பாதி வாடை போய்விடும்.

7. இப்போது குளியல்

காதும் வாயும் பின்பக்கமும் பார்த்தாகிவிட்டது. தோல்தான் காரணம் என்றால் குளியல் இங்கே மருந்து. குளோர்ஹெக்சிடின் இருக்கும் ஷாம்பு பாக்டீரியாவுக்கும், மைகோனசோல் அல்லது கீட்டோகோனசோல் சேர்ந்தது ஈஸ்ட்டுக்கும் டாக்டர்கள் எழுதுவது. பொதுவாக வாரம் இரண்டு முறை, மூன்று நான்கு வாரம் வரை சொல்வார்கள். தோலில் கோளாறு இல்லாத நாய்க்கு மாதம் ஒரு முறை சாதாரண நாய் ஷாம்பு போதும். நம் சோப்பும் ஷாம்புவும் ஏன் கூடாது? மனிதத் தோல் அமிலத்தன்மை கொண்டது. நாயின் தோல் அந்த அளவுக்கு அமிலமாக இருப்பதில்லை. நமக்கென்று செய்தது அதன் தோலைக் காயவைத்து அரிப்பைக் கிளப்பும்.

காலை ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்குங்கள், காய்வதற்குப் பகல் முழுக்க வேண்டும். ஏப்ரல், மே மாதம் மதியத்தில் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும். ஒரு பக்கெட்டில் பிடித்து, உங்கள் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகு ஊற்றுங்கள்.

முதலில் உலர்ந்த முடியைச் சீவுங்கள். நனைந்த பிறகு சீவினால் சிக்கு இறுகிவிடும். காதில் பெரிய பஞ்சு உருண்டை வையுங்கள். பிறகு முடியைத் தோல்வரை நனையுங்கள். ஸ்பிட்ஸ், கோல்டன் மாதிரி நாய்களுக்கு மேல்முடி தண்ணீரைத் தள்ளிவிடும், விரலை உள்ளே விட்டுத் தோல் நனைந்ததா என்று தடவிப் பாருங்கள். பிசுக்கு அதிகம் இருந்தால் சாதாரண நாய் ஷாம்புவை முதலில் போட்டு அலசிவிடுங்கள். எண்ணெய்ப் படலத்தின் மேல் மருந்து வேலை செய்யாது.

மருந்து ஷாம்புவை முதுகில் கொட்டி நுரைத்துவிட்டுக் கழுவுவதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. நோய் முதுகில் இல்லை. உங்கள் நோட்டில் எழுதிய இடங்களில், அதாவது அக்குளில், விரலிடுக்கில், கழுத்து மடிப்பில் முதலில் போடுங்கள். போட்டுவிட்டுப் பத்து நிமிடம் விட வேண்டும், கடிகாரம் பார்த்து. இரண்டு நிமிடத்தில் கழுவினால் காசுதான் போகும். பத்து நிமிடமும் நாய் நக்காமல் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். குளோர்ஹெக்சிடின் கண்ணில் பட்டால் கருவிழி கெடும், அதனால் முகத்துக்கு ஷாம்பு வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

அலசல். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் நுரை சரியாகப் போகாது, முடியில் படிவது அரிப்பையும் கொடுக்கும். முதல் அலசலுக்கு அதையே வைத்துக்கொண்டு, கடைசி இரண்டு குடம் மெட்ரோ தண்ணீராக ஊற்றுங்கள். குடத்துக்கு வரிசையில் நின்று பிடித்த தண்ணீரை நாய்க்கு ஊற்ற மனம் வராதுதான், ஆனால் இங்கே மிச்சம் பிடித்தால் மறுவாரம் மறுபடி குளிப்பாட்ட வேண்டியிருக்கும். கையில் வழவழப்பு இல்லாமல் முடி கிறீச்சிடும்வரை அலசுங்கள்.

உண்ணிக்கு முதுகில் ஊற்றும் சொட்டு மருந்து போட்டிருந்தால் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக்கூடாது. வாரம் இரண்டு குளியல் ஓடும் காலத்தில் அந்த மருந்து கழுவிக்கொண்டு போய்விடும். மாத்திரையாகக் கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எண்ணெய் ஒட்டிய நாயைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீடுகளுக்குள்ளேயே வந்தது. அப்படி ஒட்டினால் முதலில் நக்கவிடாமல் தடுங்கள், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள். பாத்திரம் தேய்க்கும் திரவத்தைக் கொஞ்சமாகக் கலந்து கழுவி, நாயை டாக்டரிடம் காட்டுங்கள். இது அந்த ஒரு நாளுக்கு மட்டும், வழக்கமான குளியலுக்கு அல்ல.

8. அடிமுடி வரை உலர்த்துவது

எங்கள் பகுதியில் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். மேலே துடைத்துவிட்டு மொட்டை மாடியில் விட்டுவிடுவார்கள். நாய் நேரே தண்ணீர்த் தொட்டி நிழலில் போய்ப் படுத்துக்கொள்ளும். அடிமுடி மாலைவரை ஈரமாகவே இருக்கும், கடல் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் தானாகக் காய்வது மெதுவாகத்தான் நடக்கும். ஈரமான, சூடான தோலில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பெருகி, மறுநாள் அந்தப் பழைய புகார்.

துண்டால் தேய்க்காதீர்கள், அழுத்தி எடுங்கள். தேய்த்தால் முடி சிக்காகும், சிக்குக்குள் ஈரம் நிற்கும். ஒரு துண்டு நனைந்ததும் அடுத்தது. பிறகு டேபிள் ஃபேனைத் தரையில் வைத்து, நாயை முன்னால் நிறுத்தி, முடியை எதிர்ப்பக்கமாகச் சீவிக்கொண்டே காற்றுப் படவிடுங்கள். வயிற்றையும் அக்குளையும் மறக்காதீர்கள். விரலிடுக்கை உலர்ந்த துணியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுங்கள். ஹேர் டிரையர் என்றால் குளிர்க் காற்றில் மட்டும். சூட்டில் வைத்தால் தோல் வெந்துபோகும், நாய்க்கு வெப்பத் தாக்கும் வரலாம்.

காய்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது? நெஞ்சிலும் தொடைக்குப் பின்னாலும் விரலைத் தோல்வரை விட்டு அரை நிமிடம் வைத்திருங்கள். குளிர்ச்சி தட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஸ்பிட்ஸுக்கு மணிக்கணக்கில் ஆகும். சீக்கிரம் காயும் என்று மொட்டை அடித்துவிடாதீர்கள், அந்த இரட்டை முடி வெயிலிலிருந்தும் அதைக் காக்கிறது, வெட்டினால் சரியாக முளைக்காமலும் போகலாம். நாட்டு நாய், சிப்பிப்பாறை, ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு துண்டில் முடிந்துவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் வெயிலே வராத நாட்களில், டாக்டர் சொன்ன மருந்துக் குளியல் தவிர மற்றதைத் தள்ளிப்போடுங்கள். வெளியே போய் வந்தால் பாதத்தை மட்டும் கழுவித் துடையுங்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு மாதிரி தண்ணீர் தேங்கும் தெருக்களில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், அது நமக்கும் வரும். கையுறை போட்டுக் கழுவுங்கள், நாய்க்கு அதற்கான தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. படுக்கையும் பட்டையும் அதே நாளில்

குளித்த நாயைப் பழைய சாக்கில் படுக்க வைத்தால் செய்ததெல்லாம் போச்சு. குளியலும் படுக்கை துவைப்பதும் ஒரே நாளில் நடக்க வேண்டும்.

மாடிப்படிக்கு அடியில் கோணிச்சாக்கு விரித்து நாயைப் படுக்க வைப்பது இங்கே வழக்கம். சாக்கும் ஃபோம் மெத்தையும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உள்ளே காயாது. பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துப் போடுங்கள். இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி, வாரம் ஒரு முறை சூடான தண்ணீரில் துவைத்து வெயிலில் போட்டால் போதும். படிக்கட்டு அடியில் காற்று வராது என்றால் படுக்கைக்குக் கீழே மரப்பலகை ஒன்றைப் போட்டுத் தரையிலிருந்து தூக்குங்கள்.

கழுத்துப்பட்டையை நிறையப் பேர் மறந்தே போகிறார்கள். தண்டையார்பேட்டையில் ஒரு லாப்ரடாருக்கு எல்லாம் பார்த்தாகிவிட்டது, காது சுத்தம், பல் சுத்தம், வாடை மட்டும் போகவில்லை. பட்டையைக் கழற்றினோம். இரண்டு அடுக்கு நைலான், தையலுக்கு நடுவே கறுப்பாகப் பிசுக்கு ஏறி, விரலால் அழுத்தினால் தண்ணீர் கசிந்தது. கீழே கழுத்தில் வட்டமாக முடி கொட்டிச் சிவந்திருந்தது. குளிப்பாட்டும்போது பட்டையைக் கழற்றுங்கள், நைலான் என்றால் சோப்புப் போட்டுத் துவைத்து முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். தோல்பட்டை நாறத் தொடங்கினால் துவைத்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

மூத்திரம் போன சிமெண்டுத் தரைக்கு, செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனரை ஊற்றி, பாட்டிலில் சொன்ன நேரம்வரை ஊறவிடுங்கள். ஃபினாயில் வாடையை மூடும், மூத்திரத்தை அகற்றாது, நாய் அதே இடத்துக்குத் திரும்ப வரும். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் போட்டால் நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும், பூட்டிய சின்ன வீட்டில் அது நல்லதல்ல.

10. தட்டில் என்ன போகிறது

வாயு நாற்றமும் இளகிய மலமும்தான் இங்கே விஷயம். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, முதலில் அதை நிறுத்திப் பாருங்கள். உணவை மாற்றுவதென்றால் ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை மிச்சப் பிரியாணி வேண்டாம். அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

11. போன வாடை திரும்பி வந்தால்

வாரம் ஒரு நாள் இரண்டாவது படியில் செய்த துணிச் சோதனையை மறுபடி செய்து, நோட்டில் பழைய பக்கத்தோடு ஒப்பிடுங்கள். சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது பெரிய பிழை. இரண்டாவது வாரம் வாடை குறைந்ததும் ஷாம்புவை அலமாரியில் வைத்துவிடுவார்கள், மிச்சமிருக்கும் கிருமி மறுபடி கிளம்பும்.

முழுச் சிகிச்சையும் முடிந்து, சில வாரத்தில் அதே இடத்தில் அதே வாடை வந்தால் ஈஸ்ட்டோ பாக்டீரியாவோ மூலகாரணம் இல்லை, அதற்கு இடம் கொடுக்கும் வேறு ஒன்று உள்ளே இருக்கிறது. தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை, உணவு ஒவ்வாமை, தூசு ஒவ்வாமை, வயதான நாய்க்குத் தைராய்டு குறைவு போன்றவை. ஒவ்வொரு முறையும் அரிப்புக்கு ஊசி மட்டும் போட்டுக்கொண்டு வருவதில் பயனில்லை. “எதனால் திரும்பத் திரும்ப வருது டாக்டர்?” என்று கேட்டு, நோட்டைக் காட்டுங்கள். எந்த மாதத்தில் வருகிறது, எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது அவர்களுக்குப் பெரிய உதவி.

உணவு ஒவ்வாமை என்று சந்தேகித்தால், நாய் இதுவரை தின்னாத ஒரு வகை இறைச்சியும் ஒரு மாவுச்சத்தும் மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். இதில் தோற்பது வீட்டுக்கு வெளியேதான். டீக்கடை பன், எதிர்வீட்டுப் பிள்ளைகள் போடும் பிஸ்கட், மீன் வெட்டும் இடத்தில் கிடைக்கும் தலை. தெருவில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், வெளியே கூட்டிப்போகும்போது கயிற்றைக் கையிலிருந்து விடாதீர்கள். நடுவில் ஒரு பிஸ்கட் உள்ளே போய் அரிப்பு திரும்பினால், அந்த எட்டு வாரத்தை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கலாம்.